முன்கூட்டிய ஓய்வை நோக்கிச் சிக்கனமாக வாழ்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வழக்கமான ஓய்வு வயதுக்குப் பல ஆண்டுகள் முன்பே வேலையிலிருந்து விலக வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, இன்னும் எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கைப்பேசியின் முகப்பில் நாள் எண்ணிக்கையைக் காட்டும் செயலி ஒன்றை வைத்திருந்தேன். காலையில் கண் விழித்ததும் எண் ஒன்று குறைந்திருப்பதைப் பார்ப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. நான் முந்தைய நாள் சேமித்திருந்தாலும் ஊதாரித்தனமாகச் செலவழித்திருந்தாலும் அந்த எண் ஒன்றுதான் குறைந்தது என்பதைக் கவனிக்க எனக்கு எட்டு மாதங்கள் பிடித்தன. நாட்காட்டிக்கு நம் பணப்பையைப் பற்றி எதுவும் தெரியாது. ஆகவே இந்தக் கட்டுரையில் நாள்களை ஒதுக்கிவைத்துவிட்டு, மாதச் செலவையே அலகாகக் கொண்டு எண்ணும் முறையையும், அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப அன்றாட வாழ்க்கையைச் சிக்கனமாக அமைத்துக்கொள்ளும் வழிகளையும் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: செலவை எழுதுதல்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். செயலிகளும் எக்செல் தாள்களும் இருக்கின்றன. அவற்றில் கைப்பழக்கம் உள்ளவர்கள் அவற்றையே பயன்படுத்தலாம். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கையால் எழுதுவதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் எழுதும்போது அந்தத் தொகை இரண்டாவது முறை கண்ணில் படுகிறது. வீட்டுச் செலவைக் கையால் எழுதி வைக்கும் பழக்கத்துக்கு ஜப்பானில் ‘காக்கேபோ’ என்று பெயர். ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904ஆம் ஆண்டு இல்லத்தரசிகளுக்காக அத்தகைய கணக்கேட்டை வெளியிட்டார். நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் அந்த முறை வழக்கொழியாமல் இருப்பதற்கு அதன் எளிமையே காரணம் என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் நான்கு பத்திகள் போடுங்கள்: தேதி, எதற்காக, எவ்வளவு, நான்காவது பத்தி காலி. அந்தக் காலிப் பத்தியை அன்றைக்கு நிரப்பக் கூடாது. ஒரு வாரம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பி வந்து, ‘இதை மறுபடியும் வாங்குவேனா?’ என்று ஒவ்வொரு வரியையும் கேட்டு, வாங்குவேன் என்றால் ஒரு சிறு சரிக்குறியும், மாட்டேன் என்றால் ஒரு புள்ளியும் இடுங்கள். வாங்கிய அன்று எல்லாமே தேவையாகத்தான் தோன்றும். ஏழு நாள் கழித்துப் பார்க்கும்போதுதான் அவசியம் எது, சபலம் எது என்று தெரியும். என் முதல் மாதப் பக்கங்களில் புள்ளி விழுந்த வரிகளில் பெரும்பாலானவை மாலை ஆறு மணிக்கு மேல், வேலை முடிந்து களைத்துத் திரும்பும் வழியில் வாங்கியவை. அதைக் கண்டபின் நான் எந்தச் சபதமும் எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

மூன்று மாதம் எழுதினால் வழக்கமான செலவுகள் பிடிபட்டுவிடும். ஆனால் மூன்று மாதக் கணக்கை மட்டும் நம்பி முடிவெடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனெனில் ஒரு குடும்பத்தின் செலவில் கணிசமான பகுதி மாதந்தோறும் வருவதில்லை: காப்பீட்டுத் தவணை, சொத்து வரி, பள்ளிக் கட்டணம், வாகனப் பராமரிப்பு, மூக்குக்கண்ணாடி, திருமணப் பரிசுகள், ஊர்ப் பயணம் ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ வந்து, ‘இந்த மாதம் மட்டும் கொஞ்சம் அதிகமாகிவிட்டது’ என்ற வாக்கியத்தோடு மறக்கப்பட்டுவிடுகின்றன. அந்த வாக்கியத்தை ஓராண்டில் எத்தனை மாதங்கள் சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இவற்றின் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவில் சேர்த்துவிட வேண்டும். அதேபோல் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், மடிக்கணினி போன்றவையும் ஒருநாள் பழுதாகி மாற்றத்தான் போகின்றன. பத்தாண்டு உழைக்கும் பொருளின் விலையை 120ஆல் வகுத்தால் வருவது உங்கள் மாதச் செலவின் ஒரு பகுதியே. முதன்முறையாக இப்படிக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு மனத்தில் இருந்த தொகைக்கும் தாளில் வந்த தொகைக்கும் இடையிலான வித்தியாசம் அதிர்ச்சியாக இருக்கும். அதிர்ச்சி நல்லது, கணக்கு சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இரண்டாம் படி: நானூறு கட்டங்கள்

எவ்வளவு சேர்த்தால் போதும் என்ற கேள்விக்கு உலகெங்கும் சொல்லப்படும் பதில் ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு என்பதாகும். இந்த எண் 1994ஆம் ஆண்டு அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 1926 முதலான அமெரிக்கப் பங்குச் சந்தை, கடன் பத்திரங்கள் ஆகியவற்றின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, ஓய்வின் முதல் ஆண்டில் சேமிப்பில் 4 சதவீதம், அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு, எடுத்து, பின்வரும் ஆண்டுகளில் விலைவாசி உயர்வுக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் குறைந்தது 30 ஆண்டுகள் தாங்கியிருக்கும் என்று அவர் காட்டினார். 1998இல் டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் செய்த ஆய்வும் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தது.

இதில் இரண்டு விஷயங்களைப் புதியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். முதலாவது, கணக்கு 30 ஆண்டுக்கானது. நாற்பது வயதில் விலகுகிறவருக்கு ஐம்பது ஆண்டுகள் தேவைப்படலாம். இரண்டாவது, அது ஒரு நாட்டின் சந்தை வரலாறு. எல்லா நாட்டுச் சந்தைகளும் அந்த அளவுக்கு வளர்ந்ததில்லை. ஆகவே முன்கூட்டியே விலகுகிறவர்கள் 4 சதவீதத்துக்குப் பதிலாக 3.5 சதவீதம் அல்லது 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. மாதக் கணக்கில் சொன்னால், 4 சதவீதத்துக்கு 300 மாதச் செலவும், 3.5 சதவீதத்துக்குச் சுமார் 343 மாதச் செலவும், 3 சதவீதத்துக்கு 400 மாதச் செலவும் கையில் இருக்க வேண்டும்.

இப்போது வரைபடத்தாள் ஒன்றில் இருபதுக்கு இருபது என்று ஒரு சதுரம் போடுங்கள். அதில் 400 கட்டங்கள் இருக்கும். கீழிருந்து பதினைந்தாவது வரிசைக்கு மேல் ஒரு தடித்த கோடு இழுத்தால் அது 300ஆவது கட்டத்தின் எல்லை. ஒரு கட்டம் என்பது உங்கள் ஒரு மாதச் செலவு. இதுவரை சேர்த்ததை மாதச் செலவால் வகுத்து, வரும் எண்ணிக்கை அளவுக்குக் கட்டங்களை நிரப்புங்கள். பென்சிலால் நிரப்புங்கள், பேனா வேண்டாம்.

இந்தத் தாளின் சிறப்பை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். மாத வருமானம் 100 என்றும் செலவு 60 என்றும் வைத்துக்கொள்வோம். இதுவரை சேர்த்தது 1,800 என்றால் 30 கட்டங்கள் நிரம்பியிருக்கும். வீட்டையும் வாகனத்தையும் மாற்றியமைத்துச் செலவை 50ஆகக் குறைக்கிறீர்கள். அதே 1,800 இப்போது 36 கட்டம். ஒரு காசு கூடுதலாகச் சம்பாதிக்காமலேயே ஆறு கட்டங்கள் நிரம்பிவிட்டன. அதோடு இதுவரை மாதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கட்டம் நிரம்பிவந்தது, இனிமேல் மாதத்துக்கு ஒரு முழுக் கட்டம் நிரம்பும். செலவைக் குறைப்பவருக்கு இலக்கும் அருகில் வருகிறது, நடையும் வேகமாகிறது. சம்பள உயர்வு நடையை மட்டுமே வேகமாக்கும்.

முதலீடு விலைவாசி உயர்வு போக ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்வதாகவும், இலக்கு 300 கட்டம் என்றும் கொண்டு, கையில் ஒன்றுமில்லாமல் தொடங்குகிறவருக்குக் கணக்கிட்டால், வருமானத்தில் 10 சதவீதம் சேமிப்பவருக்கு 51 ஆண்டுகளும், 25 சதவீதம் சேமிப்பவருக்கு 32 ஆண்டுகளும், 40 சதவீதம் சேமிப்பவருக்கு 22 ஆண்டுகளும், பாதியைச் சேமிப்பவருக்குப் பதினேழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகவும், 65 சதவீதம் சேமிப்பவருக்குப் பத்தரை ஆண்டுகளும் ஆகும். மேலே சொன்ன உதாரணக்காரர் செலவை 60இலேயே வைத்துக்கொண்டு வருமானத்தை 100இலிருந்து 110ஆக உயர்த்தி, உயர்வு முழுவதையும் சேமித்தாலும், வெறும் கையோடு தொடங்கியிருந்தால் அவருக்குக் கிட்டத்தட்ட 19 ஆண்டுகள் ஆகும். செலவில் அதே 10ஐக் குறைத்தவருக்கு 16 ஆண்டு 7 மாதம்தான். பாதியைச் சேமிப்பவர் 400 கட்டம் நிரப்ப விரும்பினால் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தேவை. கூடுதல் நூறு கட்டத்துக்கு மூன்றரை ஆண்டு என்பது அவ்வளவு பெரிய விலையல்ல, ஏனெனில் அதற்குள் சேமிப்பே தன் பங்குக்கு வேகமாக வளரத் தொடங்கியிருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, கடந்த பன்னிரண்டு மாதத்தின் உண்மையான சராசரிச் செலவைக் கொண்டு தாளை மறுபடியும் கணக்கிடுங்கள். விலைவாசி உயர்ந்திருந்தால் அது உங்கள் செலவிலேயே தெரிந்துவிடும். பணவீக்கத்துக்கென்று தனிக் கணக்கு வேண்டியதில்லை. செலவு கூடியிருந்தால் சில கட்டங்களை அழிப்பானால் அழிக்க நேரும். அது கசப்பான வேலைதான், ஆனால் வருமானம் உயர உயர வாழ்க்கைத் தரமும் சத்தமில்லாமல் உயர்ந்துகொண்டே போவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவியை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் படி: எதைக் குறைப்பது

சிக்கனம் என்றதும் பலரும் தேநீரையும் செய்தித்தாளையும் நிறுத்துவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் வரிசை தவறு. பெரும்பாலான குடும்பங்களில் குடியிருப்பு, போக்குவரத்து, உணவு ஆகிய மூன்றும் சேர்ந்து செலவில் பெரும்பங்கை விழுங்குகின்றன. இவற்றில் முதல் இரண்டும் ஒரே ஒருமுறை முடிவெடுத்தால் பல ஆண்டுகளுக்குத் தாமாகவே மிச்சம் பிடிப்பவை. தினமும் மன உறுதியைச் செலவழிக்க வேண்டியதில்லை. தேவைக்கு மேல் ஓர் அறை உள்ள வீடு வாடகையில் மட்டுமல்லாமல் அறைகலன், மின்சாரம், பராமரிப்பு, சுத்தம் செய்யும் நேரம் என்று ஒவ்வொன்றிலும் கை நீட்டும். வேலையிடத்துக்கு அருகில் சிறிய வீட்டுக்கு மாறும்போது வாகனச் செலவும் சேர்ந்து குறைவதால், இந்த ஒரு முடிவு இரண்டு முடிவுகளின் பலனைத் தரும். புதிய வாகனம் தன் மதிப்பை முதல் சில ஆண்டுகளிலேயே மிக வேகமாக இழக்கிறது. நான்கைந்து ஆண்டுகள் ஓடிய, பராமரிப்புக் குறிப்புகள் ஒழுங்காக உள்ள வாகனத்தை வாங்கி, அது ஓடும்வரை ஓட்டுவதே இந்த விஷயத்தில் சொல்ல வேண்டிய அனைத்தும்.

உணவுச் செலவு வேறு வகை. அது ஒருமுறை முடிவெடுத்து முடிகிற காரியமல்ல, நாளுக்கு மூன்று முறை எழும் கேள்வி. இங்கே பணத்தை மிச்சப்படுத்துவது மலிவான பொருளைத் தேடுவதைவிட, வாங்கிய பொருளை வீணாக்காமல் இருப்பதுதான். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று நம்பி முதல் ஆண்டில் நான் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினேன். அதில் ஒரு பகுதி வண்டு விழுந்து குப்பைக்குப் போனது. வாங்கும் விலையை அல்ல, உண்ட அளவுக்கான விலையையே கணக்கிட வேண்டும் என்பதை அந்தக் குப்பைத்தொட்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். குளிர்சாதனப் பெட்டியின் ஒரு தட்டை ‘முதலில் தீர்க்க வேண்டியவை’ என்று ஒதுக்கி, பாதி வெட்டிய காய், முந்தைய நாள் சமைத்தது, காலாவதி நெருங்கும் பால் எல்லாவற்றையும் அங்கேயே வைக்கிறோம். அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது என்ற யோசனை அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கும். கடைக்குப் போகும் முன் அந்தத் தட்டு காலியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மின்சாரத்தில் எங்கே கவனம் செலுத்துவது என்று தெரியாமல் பலர் தவறான இடத்தில் சண்டை போடுகிறார்கள். எரியும் விளக்கை அணைக்காததற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்பவர், சுடுநீரைப் பற்றி நினைப்பதில்லை. 50 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 1.16 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே மின்சாரத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் தொடர்ந்து சுமார் 129 மணி நேரம் எரிக்கலாம். பொதுவாகச் சூடாக்குவதும் குளிரவைப்பதும்தான் மின்கட்டணத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே சுடுநீரின் அளவு, அறைக் குளிரூட்டியின் வெப்பநிலை அமைப்பு, துணியைச் சாதாரண நீரில் துவைப்பது, சமைக்கும் பாத்திரத்தை மூடி வைப்பது ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பிறகு விளக்குப் பக்கம் வாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்புகள் இன்னும் இருந்தால் மட்டும் அவற்றை உடனே மாற்றிவிடலாம். நாளுக்கு ஐந்து மணி நேரம் எரியும் ஒரு பல்பை 9 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் ஆண்டுக்கு 93 யூனிட் மிச்சமாகும்.

மாதச் சந்தாக்கள் தனியாகப் பேச வேண்டியவை, ஏனெனில் அவை சிறியவையாகத் தோன்றிக்கொண்டே பெரிய வேலை பார்க்கின்றன. மாதாமாதம் வரும் எந்தச் செலவுக்கும் அதைப்போல் 400 மடங்கு சேமிப்பில் இருக்க வேண்டும் என்பதே நம் தாளின் கணக்கு. ஒரு சந்தா உங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்துக்குச் சமம் என்று கொள்ளுங்கள். அதை ஓய்வுக் காலம் முழுவதும் தொடர வேண்டுமென்றால், வளர்ச்சியைக் கணக்கில் கொள்ளாமல், 400 மணி நேரச் சம்பளத்தைச் சேர்த்து வைக்க வேண்டும்; நாளுக்கு எட்டு மணி என்றால் அது ஐம்பது வேலைநாள். ஐம்பது நாள் உழைப்புக்கு ஈடானது என்று தோன்றினால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டை வைத்துக்கொண்டேன், ஐந்தை நிறுத்தினேன். நிறுத்திய ஐந்தில் ஒன்று எதற்கானது என்றே எனக்கு நினைவில்லை.

குறைக்கக் கூடாதவை

சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் இடையிலான கோடு எங்கே என்று கேட்பவர்களுக்கு என் பல்லைப் பற்றிச் சொல்வதுண்டு. பின்பல்லில் சிறு குழி இருப்பதாகத் தெரிந்தும், வலி இல்லையே என்று ஓராண்டு தள்ளிப்போட்டேன். அடைத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். பிறகு வேர்ச் சிகிச்சையும் மேலே ஒரு உறையும் தேவைப்பட்டு, மூன்று நான்கு முறை போய்வந்து, பல மடங்கு செலவழித்தேன். தள்ளிப்போட்டால் பெருகும் செலவு சேமிப்பல்ல, கடன். பல், கண், இரத்த அழுத்தப் பரிசோதனை, ஒழுகும் கூரை, வாகனத்தின் பிரேக், மருத்துவக் காப்பீடு ஆகியவை இந்த வகை. நாள் முழுதும் நம்மைத் தாங்கும் காலணியும் இரவு முழுதும் தாங்கும் மெத்தையும்கூட மலிவாக வாங்கக் கூடாதவை என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சில ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் ஓய்வுக்குப் பிறகு தாராளமாக வாழலாம் என்ற எண்ணத்தோடு செலவைக் குறைப்பவர்களின் தாளில் உள்ள கட்டங்கள் பொய்யானவை. கட்டத்தின் அளவு இன்றைய செலவு. ஓய்வுக்குப் பின் அதைவிடக் கூடுதலாகச் செலவழிக்கப் போகிறவர் என்றால் நிரம்பிய கட்டங்கள் உண்மையில் அத்தனை இல்லை. ஆகவே ஒவ்வொரு குறைப்பையும், ‘இதை முப்பது ஆண்டுகள் இப்படியே செய்ய எனக்குச் சம்மதமா?’ என்று கேட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். சம்மதமில்லாத குறைப்பு எதுவானாலும், அது பத்து மாதத்துக்குள் இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

குடும்பத்தோடு பேசுதல்

ஒருவர் மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டைச் சுற்றி வந்தால் அவர் சீக்கிரமே தணிக்கை அதிகாரியாகிவிடுவார். மாதத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினால் போதும். மற்ற நாள்களில் யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. இருவருக்கும் சமமாக ஒரு சிறு தொகையைக் கேள்வி கேட்காத பணமாக ஒதுக்கிவிடுங்கள். நோட்டில் அதற்கு ஒரே வரிதான். எதற்குச் செலவானது என்று எழுத வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் தாளைக் காட்டலாம். எங்கள் வீட்டில் கட்டத்துக்கு வண்ணம் தீட்டும் வேலை இளையவருக்கு. மாதக் கடைசியில் பென்சிலைக் கூர்சீவிக்கொண்டு வந்து, ‘இந்த மாதம் முழுசா, அரையா?’ என்று கேட்பதே எனக்குப் போதுமான தணிக்கை.

கடனும் முதலீடும்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனெனில் சிக்கனத்தின் எல்லைக்கு வெளியே போகிறது. கடன் அட்டை நிலுவை போன்ற அதிக வட்டிக் கடன்களை முதலில் அடைத்துவிட வேண்டும். மாதம் 2 சதவீத வட்டியில் அடைக்காத கடன் 35 மாதத்தில் இரட்டிப்பாகும், அந்த வேகத்தில் நம்பிக்கையாக வளரும் முதலீடு எதுவும் கிடையாது. அடுத்து மூன்று முதல் ஆறு மாதச் செலவை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வைத்துவிட்டு, மீதியை நீண்ட கால முதலீட்டில் போடுங்கள். சம்பளம் வந்த அன்றே சேமிப்பு தானாகப் பிரிந்து போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துகொள்வது மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேமிப்பதைவிடப் பல மடங்கு நல்லது, ஏனெனில் மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. முதலீட்டுத் திட்டத்தின் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆண்டுக்கு 4 சதவீதம் எடுத்து வாழத் திட்டமிடுகிறவர் 1 சதவீதத்தைக் கட்டணமாகக் கொடுத்தால், தன் வாழ்க்கைச் செலவின் கால்பங்குக்குச் சமமான தொகையைக் கொடுக்கிறார். 1976இல் அமெரிக்காவின் வான்கார்ட் நிறுவனத்தை நிறுவிய ஜான் போகிள், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதியைச் சாதாரண முதலீட்டாளர்களுக்காகத் தொடங்கியதன் நோக்கமே இந்தக் கட்டணத்தைக் குறைப்பதுதான்.

கடைசி இரண்டு ஆண்டுகள்

தாளில் தடித்த கோட்டை நெருங்கும்போது சில வேலைகள் சேர்கின்றன. வேலையோடு சேர்ந்து போகும் செலவுகளையும், வேலை போனதும் புதிதாக முளைக்கும் செலவுகளையும் இரண்டு பத்திகளாக எழுதிப் பாருங்கள். முதல் பத்தியில் பயணச் செலவு, அலுவலக உடை, வெளியில் உண்ணும் மதிய உணவு ஆகியவை வரும். இரண்டாவது பத்தியில் நிறுவனம் இதுவரை கொடுத்துவந்த மருத்துவக் காப்பீட்டுக்குப் பதிலாக நாமே எடுக்க வேண்டிய காப்பீடு முதலிடம் பெறும். பகல் நேர மின்சாரமும், கையில் நேரம் இருப்பதாலேயே உண்டாகும் செலவுகளும் அடுத்து வரும். தனிக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே, உடல் நன்றாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஓய்வூதியக் கணக்கில் உள்ள பணத்தைக் குறிப்பிட்ட வயதுக்கு முன் எடுக்க முடியாதபடி பல நாடுகளில் விதிகள் உள்ளன. உங்கள் கணக்குகளில் எது எந்த வயதில் கைக்கு வரும் என்பதை எழுதி, விலகும் நாளுக்கும் அந்த வயதுக்கும் இடையிலான ஆண்டுகளை எந்தப் பணத்தில் கடப்பது என்று முடிவுசெய்யுங்கள்.

ஓய்வு தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் சந்தை சரிந்தால், அந்தச் சரிவிலேயே முதலீட்டை விற்றுச் செலவழிக்க நேர்வதால், பின்னர் சந்தை மீண்டாலும் சேமிப்பு மீள்வது கடினம். அதே சரிவு இருபது ஆண்டு கழித்து வந்தால் அவ்வளவு பாதிப்பில்லை. இதற்காக விலகுவதற்கு முன்பே இரண்டு ஆண்டுச் செலவை, அதாவது 24 கட்டங்களை, சந்தையின் ஏற்ற இறக்கம் தொடாத வைப்பில் மாற்றிவைக்கலாம்.

பிறகு ஒத்திகை. விலகுவதற்கு முந்தைய ஆண்டில் ஆறு மாதம், ஓய்வுக் காலத்துக்கென்று திட்டமிட்ட தொகையை மட்டும் தனிக் கணக்கில் மாதத்தின் முதல் நாளில் மாற்றி, அதற்குள்ளேயே வாழ்ந்து பாருங்கள். ஆறில் நான்கு மாதம் தொகை போதவில்லை என்றால் விலகும் தேதியைத் தள்ளிப்போடுவதில் வெட்கமில்லை. 300க்கும் 400க்கும் இடையில் இருப்பவர்கள் முழுவதும் விலகாமல் பகுதிநேர வேலைக்கு மாறுவதும் உண்டு. மாதச் செலவில் பாதியை அப்படிச் சம்பாதித்தாலும் சேமிப்பிலிருந்து மாதத்துக்கு அரைக் கட்டம்தான் குறையும்.

விலகிய பிறகும் தாளைக் கழற்றிவிட வேண்டாம். பென்சிலால் நிரப்பச் சொன்னது இதற்காகத்தான். முதல் மாத முடிவில் ஒரு கட்டத்தை அழித்து, அந்த மாத உண்மைச் செலவை ஓரத்தில் எழுதுங்கள். ஆண்டு முடிவில் முதலீட்டின் மதிப்பை அன்றைய சராசரி மாதச் செலவால் வகுத்து, அழித்த பன்னிரண்டில் எத்தனை திரும்ப நிரம்புகின்றன என்று பாருங்கள். பன்னிரண்டும் நிரம்பும் ஆண்டுகள் உண்டு, ஒன்றும் நிரம்பாத ஆண்டுகளும் உண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பாதிக்கும் குறைவாக நிரம்பினால், நோட்டைத் திறந்து புள்ளிகள் இருக்கும் வரிகளிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.